கிறிஸ்மஸ் தீவை சிங்கப்பூர் விற்றதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒரு வாக்குவாதம். பெரியவர் ஒருவர், "கிறிஸ்மஸ் தீவு நம்ம தீவு. அப்போ முதலமைச்சரா இருந்த லிம் இயூ ஹோக் இருபது மில்லியன் வெள்ளிக்கு ஆஸ்திரேலியாக்காரனுக்கு வித்துட்டார்" என்று அடித்துச் சொல்கிறார். பக்கத்திலிருந்தவர், "வெள்ளைக்காரன் சொத்தை வெள்ளைக்காரன் கைமாத்திக்கிட்டான், நமக்கு என்ன பாத்தியதை?" என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் இதைப் பற்றி ஒரு வரி படித்ததாகக்கூட நினைவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் தீவு ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. பெர்த் அங்கிருந்து 2,600 கிலோமீட்டர். சிங்கப்பூர் அதில் பாதி தூரம்தான். பிறகு எப்படி அது ஆஸ்திரேலியாவின் கையில்?

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். அது உண்மையிலேயே சிங்கப்பூருக்குச் சொந்தமாக இருந்ததா? அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? அங்கே குடியிருந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்றைக்கு அந்த மக்களின் நிலை என்ன? ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலமா, இல்லை காலனி மாதிரி ஏதாவதா? ஆங்கிலத்தில் தேடினால் சிவப்பு நண்டுகளும் அகதிகள் முகாமும்தான் வருகின்றன. தமிழில் யாராவது நிதானமாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

கேலாங்_காரன் எழுதியது:

உங்கள் காப்பிக்கடைப் பெரியவர் சொல்வதில் தப்பே இல்லை. 135 சதுர கிலோமீட்டர் நிலம். இன்றைய சிங்கப்பூரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நாம் இங்கே கடலில் மண்ணைக் கொட்டி ஏக்கர் ஏக்கராக நிலம் சேர்க்கிறோம். பெட்ரா பிராங்கா என்ற ஒரு பாறைக்காக ஹேக் நீதிமன்றம் வரை போய் 2008-ல் தீர்ப்பு வாங்கினோம். ஒரு முழுத் தீவை, அதைச் சுற்றியுள்ள கடலோடு சேர்த்து, இருபது மில்லியனுக்கு விட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது. அப்போது சொந்த அரசாங்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

---

பழைய_கிராணி எழுதியது:

தம்பி ஈசூன்வாசி, கேட்டது நல்ல கேள்வி. நான் எழுபதுகளில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன். அந்தத் தீவுக்குப் போகும் ஆட்களின் காகிதங்களும் சாமான் பட்டியல்களும் என் மேசைக்கு வந்து போகும். அதனால் இந்த விஷயத்தின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பழைய நாளிதழ்களையும் சட்டங்களையும் தேடிப் படித்தேன்.

முதலில் "நம்ம தீவு" என்ற பேச்சு. 1888-ல் பிரிட்டன் அங்கே கொடி நட்டது. காரணம் உரம் செய்ய உதவும் பாஸ்பேட். மண்ணுக்கடியில் அது இருப்பது உறுதியானதும் 1897-ல் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1900-ல் தீவை சிங்கப்பூர் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். நீதிமன்றம், போலீஸ், பதிவேடு எல்லாம் இங்கிருந்து. தோண்டுவதற்கு ஆட்களும் இங்கிருந்துதான் போனார்கள், பெரும்பாலும் சீனர்கள், பிறகு மலாய்க்காரர்கள். காவலுக்குச் சீக்கியர்கள். ஆரம்ப வருஷங்களில் நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயில் செத்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் போட்டு வேலை வாங்கினால் அதுதான் நடக்கும். நிலம் பிரிட்டனுடையது, லாபம் கம்பெனியுடையது, சிங்கப்பூருக்கு வரி வந்தது. "நம்முடையது" என்பதற்கு இருந்த பொருள் அவ்வளவுதான்.

அப்புறம் கேலாங்_காரன் கவனிக்க வேண்டிய ஒன்று. 1948 கடைசியில் அந்தக் கம்பெனியின் சுரங்கத்தை ஆஸ்திரேலிய அரசும் நியூசிலாந்து அரசும் சேர்ந்து வாங்கிவிட்டன. அவர்களுடைய விவசாயத்துக்கு அந்த உரம் கட்டாயம் வேண்டும். ஆக, 1957-ல் தீவைக் கேட்டபோது சுரங்கம் ஏற்கெனவே அவர்கள் கையில். வெளியில் இருந்தது இறையாண்மை ஒன்றுதான், அதை வைத்திருந்தது லண்டன்.

லிம் இயூ ஹோக் அப்போது முதலமைச்சர் என்பது சரி. ஆனால் 1955 அரசியலமைப்பின்படி வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டிஷார் கையில். சிங்கப்பூருக்கு உள்நாட்டுச் சுயாட்சி 1959-ல்தான் வந்தது. அதற்கு முன்னாடியே, 1958 ஜனவரி 1-ஆம் தேதி, தீவைச் சிங்கப்பூரிலிருந்து பிரித்துத் தனிக் காலனி ஆக்கினார்கள். அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தார்கள். தேதிகளின் வரிசையைப் பாருங்கள். ஓர் ஒன்பது மாதக் காலனி எதற்கு? சுயாட்சி பெறப்போகும் ஓர் அரசாங்கத்தின் கையில் தீவு சிக்கிவிடக்கூடாது என்பதற்குத்தான் என்பது என் கணிப்பு. அந்த இருபது மில்லியன் மலாயா வெள்ளி, ஆஸ்திரேலியப் பவுண்டில் சுமார் 29 லட்சம், தீவின் விலை அல்ல. இனி வராமல் போகும் பாஸ்பேட் வருமானத்துக்கு ஈடு. விற்பவனுக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அது இல்லை.

அதனால் சிங்கப்பூர் ஏமாந்துபோனது என்று அழுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அநியாயம் நடந்தது தீவில் இருந்தவர்களுக்கு. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: இல்லை, அவர்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம், கான்பராவில் ஒரு சட்டம், முடிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். கொடி மாறியது, ஆனால் வாழ்க்கை மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் அப்போது வெள்ளையர் அல்லாதவர் குடியேறத் தடை. தீவு ஆஸ்திரேலியா, தீவுத் தொழிலாளி ஆஸ்திரேலியாவுக்குள் குடியேற முடியாதவர். ஆட்களை எடுத்தது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். சம்பளம் ஆசியக் கணக்கில், பெர்த்தில் அதே வேலைக்குக் கொடுப்பதில் சின்னப் பங்கு. வீடும் தனித்தனி. வெள்ளைக்கார அதிகாரிகள் செட்டில்மெண்ட் பகுதியில், சீனர்கள் மேலே பூன் சானிலும் டிரம்சைட்டிலும், மலாய்க்காரர்கள் கடலோரக் கம்பத்தில்.

என் மேசைக்கு வந்த ஒப்பந்தத் தாள்களில் ஒரு பத்தி எப்போதும் இருக்கும்: வேலை முடிந்தால் திரும்பி வரக் கப்பல் செலவு கம்பெனியுடையது. இளம் வயதில் அதை நல்ல சலுகை என்று நினைத்துத்தான் முத்திரை குத்தினேன். தகரப்பெட்டியும் போர்வைச் சுருளுமாக வந்து நிற்கும் ஆட்களில் சிலர் இரண்டாம் தலைமுறை. அப்பா அங்கே தோண்டியவர், மகன் அங்கேயே பிறந்தவன், விடுமுறைக்கு இங்கே வந்து கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்புகிறான். அவன் பிறந்த இடத்துக்குப் போவதற்கும் அதே ஒப்பந்தம், அதே பத்தி. வேலை போனால் பிறந்த ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்பது அதன் அர்த்தம். ஒருமுறை ஒரு மலாய்க்காரர், தீவில் பிறந்தவர், படிவத்தில் சொந்த நாடு என்ற இடத்தைக் காட்டி, "இங்கே என்ன எழுதுவது?" என்று கேட்டார். தலைமைக் கிராணி, "சிங்கப்பூர்னு எழுதச் சொல்லு" என்றார். எழுதினேன்.

1975-ல் தொழிலாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். பிறகு கோர்டன் பென்னட் என்பவர் அதை நடத்தினார். கான்பரா வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்படிப் போராடித்தான் குடியுரிமையும் ஊதியச் சமத்துவமும் வந்தன. தீவில் குடியிருப்பவர்கள் ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆக முறையான வழி திறந்தது 1981-ல். கைமாறி 23 வருஷம் கழித்து! 1987-ல் அரசாங்கம் சுரங்கத்தையே மூடிவிட்டது. தொழிலாளர்கள் விடவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்குதாரர்களாகி மறுபடி திறந்தார்கள். இன்றுவரை ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இங்கே பலருக்குத் தெரியாது. ஒப்படைத்த நாளில் தீவில் எந்தச் சட்டம் இருந்ததோ அது தொடரும் என்று எழுதிவைத்தார்கள். அதனால் பழைய சிங்கப்பூர்க் காலனிச் சட்டங்கள் அங்கே 1992 வரை நடப்பில் இருந்தன. நாம் சுயாட்சி பெற்று, மலேசியாவில் சேர்ந்து, பிரிந்து, அந்தச் சட்டங்களில் பாதியைத் தூக்கிப்போட்டு வேறு எழுதிக்கொண்டோம். அங்கே அவற்றை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. ஒரு ஊரை யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

---

ஈசூன்வாசி எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. அந்த ஒன்பது மாதக் கணக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. 1992-க்குப் பிறகு எந்தச் சட்டம்? இப்போதாவது அவர்களுக்கு வாக்குரிமை இருக்கிறதா?

---

பெர்த்_தெம்பனிஸ் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தெம்பனிஸில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பெர்த்துக்கு வந்தவள், இங்கே நர்ஸ்.

1992 முதல் தீவில் நடப்பது மேற்கு ஆஸ்திரேலிய மாநிலச் சட்டம். பள்ளிப் பாடம், வண்டி உரிமம், நீதிமன்றம் எல்லாம் அந்தக் கணக்குதான். ஆனால் மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குத் தீவு மக்கள் வாக்களிக்க முடியாது. அது அந்த மாநிலத்தின் பகுதி இல்லை. கூட்டரசுத் தேர்தலில் வாக்கு உண்டு, அதுவும் லிங்கியாரி தொகுதியில். லிங்கியாரி எங்கே இருக்கிறது தெரியுமா? வடக்குப் பிரதேசத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸை உள்ளடக்கிய பாலைவனத் தொகுதி. ஆக, சட்டம் எழுதுபவர்கள் பெர்த்தில், பிரதிநிதி பாலைவனத்தில், நிர்வாக அதிகாரியை நியமிப்பது கான்பரா. அவர்களே தேர்ந்தெடுப்பது உள்ளூர் ஷையர் கவுன்சிலை மட்டும். ரோடு, குப்பை, நூலகம் பார்க்கும் சபை. அண்ணன் கேட்ட கேள்விக்கு: மாநிலமும் இல்லை, தன்னாட்சியும் இல்லை. "வெளிப் பிரதேசம்" என்று பெயர்.

என் வேலையில் இதை நேரில் பார்க்கிறேன். தீவில் ஒரு சிறிய மருத்துவமனைதான். பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே விமானம் ஏறி பெர்த்துக்கு வந்து காத்திருக்க வேண்டும். ஒரு முறை அப்படி வந்த பெண், வீட்டில் மலாய் பேசுபவர், என் சிங்கப்பூர் மலாயைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். மூத்த பையனைப் பாட்டியிடம் விட்டு வந்திருக்கிறார். விமானத்துக்கு நாலு மணி நேரம், வாரத்தில் சில நாள்தான் விமானம், கணவருக்கு சுரங்கத்தில் விடுப்பு கிடைத்தால்தான் வருவார். பிறப்புச் சான்றிதழில் பெர்த் என்று போடுவார்களா, தீவு என்று போடுவார்களா என்று கேட்டார். பெர்த்தில் பிறந்தால் பெர்த் என்றுதான் போடுவார்கள் என்றேன். "என் மாமியார் அங்கேயே ஏழு பேரைப் பெற்றார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்று சொன்னார்.

முகாம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் கதையும் அதில் இருக்கிறது. 2001-ல் நார்வே நாட்டுக் கப்பல் டாம்பா கடலில் மீட்ட 400-க்கு மேற்பட்டவர்களோடு தீவை நோக்கி வந்தது. கரையில் இறங்க விடவில்லை. அதை ஒட்டி, படகில் வருபவர்களைப் பொறுத்தவரை கிறிஸ்மஸ் தீவு ஆஸ்திரேலியக் குடியேற்ற எல்லைக்குள் இல்லை என்று கான்பரா சட்டம் போட்டது. சுரங்கத்துக்கு அது ஆஸ்திரேலியா, அடைக்கலம் கேட்பவருக்கு இல்லை. 2008-ல் பெரிய தடுப்பு முகாம் திறந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்த தமிழர்கள் நிறையப் பேர் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். 2010 டிசம்பரில் ஒரு அகதிப் படகு பாறையில் மோதி உடைந்தபோது, கயிறும் உயிர்காப்பு அங்கியும் எறிந்து காப்பாற்றப் பார்த்தவர்கள் தீவு மக்கள்தான். முகாமைத் தங்கள் ஊரில் வைக்கலாமா என்று அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

---

கேலாங்_காரன் எழுதியது:

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு சின்ன ஊருக்கு, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு, வாக்கெடுப்பு வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? தனி நாடாக நிற்க முடியுமா? கடைசியில் ஆஸ்திரேலியாதான் என்று வந்திருக்கும். பிறகு கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதானே?

---

பழைய_கிராணி எழுதியது:

ஒன்று இல்லை. அதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: கோக்கோஸ் தீவுகள். அதுவும் சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்ததுதான். கிறிஸ்மஸ் தீவுக்கு மூன்று வருஷம் முன்பு, 1955 நவம்பரில், ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே கதை இன்னும் மோசம். க்ளூனிஸ்-ராஸ் என்ற ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளையே சொந்தமாக வைத்திருந்தது. தென்னந்தோப்பில் உழைத்த மலாய் மக்களுக்குக் கூலி, அந்தக் குடும்பம் அச்சடித்த வில்லைகள். குடும்பத்தின் கடையில் மட்டும்தான் செல்லும்.

ஆனால் கோக்கோஸ் ஐ.நா. சபையின் பட்டியலில் இருந்தது, தன்னாட்சி இல்லாத பிரதேசம் என்று. ஐ.நா. குழு வந்து பார்த்தது, கேள்வி கேட்டது. 1978-ல் ஆஸ்திரேலியா 62.5 லட்சம் டாலருக்கு நிலத்தில் பெரும்பகுதியை அந்தக் குடும்பத்திடமிருந்து வாங்கியது. பிறகு 1984 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு. மூன்று வழிகள் கொடுத்தார்கள்: தனி நாடு, சுதந்திரக் கூட்டுறவு (தன்னாட்சியோடு ஆஸ்திரேலியாவுடன் உறவு வைத்துக்கொள்வது), ஆஸ்திரேலியாவோடு முழு இணைப்பு. வாக்களித்தவர்கள் 261 பேர். இணைப்புக்கு 229, கூட்டுறவுக்கு 21, தனி நாட்டுக்கு 9.

நீங்கள் சொன்னதுபோல முடிவு ஆஸ்திரேலியாதான். ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களைப் பாருங்கள். வாக்குக் கேட்க வேண்டும் என்பதால் கான்பரா அந்த மக்களிடம் வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. மதத்தையும் பழக்கவழக்கத்தையும் மதிப்போம், வாழ்க்கைத் தரத்தை மற்ற ஆஸ்திரேலியர்களுக்கு இணையாக உயர்த்துவோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் எவ்வளவு நிறைவேற்றினார்கள் என்று அந்த மக்கள் இன்றும் எழுந்து நின்று கேட்கலாம். கிறிஸ்மஸ் தீவுக்காரர்களுக்குக் கேட்பதற்கு அப்படி ஒரு வாக்குறுதியே கிடையாது. இரண்டுக்கும் இன்று ஒரே நிர்வாக அதிகாரி, ஒரே தொகுதி, ஒரே சட்டம். ஆனால் ஒன்று தானாகச் சேர்ந்தது, மற்றது சேர்க்கப்பட்டது.

261 பேரிடம் கேட்க முடிந்திருக்கிறது. அதனால் ஊர் சின்னது என்பதை நான் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

---

பெர்த்_தெம்பனிஸ் எழுதியது:

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். கேட்டுவிட்டால் மட்டும் போதாது. பசிபிக்கில் நோர்ஃபோக் தீவுக்கு 1979 முதல் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. 2015-ல் அதைக் கான்பரா கலைத்தது. கலைப்பதற்கு முன் தீவுக்காரர்களே வாக்கெடுப்பு நடத்தி, எங்கள் எதிர்காலத்தை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பெரும்பான்மையாகச் சொன்னார்கள். கேட்கவில்லை. இங்கே வேலைக்கு வந்திருக்கும் கிறிஸ்மஸ் தீவுப் பிள்ளைகளிடம் பேசினால், பிரிந்து போக வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாநிலச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்றால் அந்த மாநிலத் தேர்தலில் வாக்குக் கொடு, இல்லாவிட்டால் எங்கள் சட்டத்தை நாங்களே எழுத விடு என்கிறார்கள்.

---

ஈசூன்வாசி எழுதியது:

நியாயமான கோரிக்கைதான் அக்கா. ஐயா, அந்த 1957, 58 செய்திகளை நானே படிக்க முடியுமா?

---

பழைய_கிராணி எழுதியது:

தாராளமாக. தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் அந்த வருஷத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வீட்டிலிருந்தே கிடைக்கும். தீவின் பெயரைப் போட்டு 1957-லிருந்து 1958 கடைசிவரை தேடுங்கள். தொகையைப் பற்றிய செய்திகளைத் தாண்டிப் போய், தீவில் இருந்த தொழிலாளி ஒருவரின் கருத்தை எந்த நிருபராவது கேட்டு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். கிடைத்தால் தேதியோடு இங்கே போடுங்கள் தம்பி, நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.